கூடத்தின் தோல்

எங்கள் தெருவில் வீடுகளுக்கு உள்பக்கம் தோல் உண்டு. வெளியே பார்த்தால் மற்ற தெருக்களைப் போலத்தான் இருக்கும். செங்கல், சிமெண்ட் பூச்சு, மங்கிய பெயிண்ட். உள்ளே சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் ஒரே உறையாகத் தோல் மூடியிருக்கும். ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கிற தெரு என்பதால் மாற்றலாகி வருகிற ரயில்வேக்காரர்கள் அதிகம். வந்த புதிதில் அவர்கள் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வந்து, இங்கே காலண்டரை மேஜைமேல் வைப்பதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போவார்.

எல்லா அறைக்கும் ஒரே மாதிரித் தோல் இல்லை. வாசல் நடையில் ஆட்கள் மிதித்துக்கொண்டே இருப்பதால் அங்கே அடுக்கடுக்காக இருக்கும். மேல் அடுக்கு தட்டையாகி, காய்ந்து, உதிரும். கீழேயிருந்து புதிது மேலே வரும். காலையில் எல்லார் வீட்டு முறத்திலும் அந்தப் பொருக்கு இருக்கும். சமையலறையில் அடுக்குக் கிடையாது. ஒரே வரிசைதான். நெட்டை நெட்டையான செல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் விரல் விரலாக நுண்ணிய இழைகள். தரையில் சிந்திய ரசம், நாம் துணி எடுத்து வருவதற்குள் காணாமல் போய்விடும். வீடு அப்படித்தான் சாப்பிடுகிறது. மாடிப்படிச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத முடிகள் எப்போதும் மேல்நோக்கி அலை அடித்துக்கொண்டிருக்கும். நடுநடுவே கிண்ணம் போன்ற செல்கள் பிசுபிசுப்பாக ஒன்றைச் சுரக்கும். வீட்டுத் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டு, மெல்ல ஏறி, மொட்டை மாடிக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் யாரும் ஒட்டடை அடித்ததில்லை.

கூடத்துத் தோல் விரியும். ஆட்கள் கூடினால் அதன் செல்கள் தட்டையாகி, கூடம் பெரிதாகும். ஆட்கள் போனதும் உருண்டு திரண்டு பழைய அளவுக்கு வரும். என் மகள் நித்திலாவின் காதுகுத்துக்கு வந்த அத்தனை பேரும் கூடத்திலேயே பந்தியில் உட்கார்ந்தார்கள். மறுநாள் அங்கே ஒரு சோபாவுக்குத்தான் இடம் இருந்தது.

இந்தக் கூடத்தைத்தான் நான் இரண்டாகப் பிரித்தேன்.

வீடு எனக்கும் என் அக்கா செண்பகத்துக்கும் பொது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். நான் ஜங்ஷனில் விசாரணை கவுண்டரில் இருக்கிறேன். என் கணவர் இறந்தபோது நித்திலா கைக்குழந்தை. நான் டியூட்டிக்குப் போய்விடுவேன், அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு இரண்டு அம்மாக்கள் என்று தெருவில் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நித்திலா சென்னையில் வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த இர்ஃபானைக் கல்யாணம் செய்துகொண்டாள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மாலையோடு நிற்கிற படம் என் போனுக்கு வந்தபோது நான் கவுண்டரில் இருந்தேன். படத்தில் நித்திலா, இர்ஃபான், சாட்சிக் கையெழுத்துப் போட்ட நண்பர்கள், ஓரமாக என் அக்கா. துணி எடுக்க வெளியூர் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவள். நான் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த என் பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள்.

கல்யாணம் எனக்குப் பெரிய விஷயமில்லை. கேட்டிருந்தால் முதலில் கத்தியிருப்பேன், அப்புறம் போயிருப்பேன். அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். அக்கா அன்று சாயங்காலம் வந்து, “சொன்னா நீ தடுப்பேன்னு பயந்துட்டா எழிலு” என்றாள். “நீயுமா பயந்தே?” என்று கேட்டேன். அவள் பட்டுப்புடவையை அவிழ்த்து மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மேஸ்திரி முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன்.

அவர் சுண்ணாம்புக் கயிறு பிடித்துத் தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் சுற்றிக் கோடு போட்டார். சமையலறையும் பின்கட்டும் என் பக்கம். முன்னறையும் மாடிப்படியும் அக்கா பக்கம். தெருவைப் பார்த்து ஏற்கெனவே இரண்டு கதவுகள் இருந்ததால் அதில் சிக்கல் இல்லை.

“வலிக்குமா மேஸ்திரி?” என்று கேட்டேன்.

“நரம்பு உண்டும்மா. ரத்தம்தான் கிடையாது” என்றார் அவர். கத்தியைத் தண்ணீரில் நனைத்துக் கோட்டின்மேல் இழுத்தார். தோல் இரண்டாக விலகிச் சுருண்டது. அடியில் மெல்லிய பாய் போன்ற படலம் தெரிந்தது. அதையும் வெட்டினார். ரத்தம் வரவில்லை. சமையலறைக் குழாய் தானாகத் திறந்துகொண்டு ஒழுகியது. நான் போய் மூடினேன். மறுபடி திறந்துகொண்டது. வாளி ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள் நாலங்குலக் கனத்தில் கூரை வரைக்கும் சுவர் எழும்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்து நகராட்சி தோல் பிரிவிலிருந்து பிலோமினா சிஸ்டர் வந்தார். எங்கள் வார்டுக்கு அவர்தான். குள்ளமாக, வெள்ளைப் புடவையில், தோளில் பெரிய பையோடு இருப்பார். சுவரின் அடியில் முட்டி போட்டு உட்கார்ந்து வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“வெட்டறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேடம்.”

“கேட்டிருந்தா?”

“வேணாம்னு சொல்லியிருப்போம்.”

“அதனாலதான் கேக்கல.”

அவர் தலையாட்டினார். அவருக்கு இது புதிதில்லை. “சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே ஓரம் நடக்க ஆரம்பிக்கும். தோலுக்கு ஒண்ணுதான் தெரியும். பக்கத்துல ஆள் இல்லன்னா நடக்கும். ஆள் மேல பட்டா நின்னுடும்.”

“சுவர் மேல பட்டா நிக்காதா?”

“சுவர் ஆள் இல்லையே மேடம்.”

போகும்போது வென்டிலேட்டரை மூடி வைக்கச் சொன்னார். பின்தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் பாகம் பிரித்தார்களாம். ஓரம் வென்டிலேட்டர் வழியாக வெளியே போய், முனையிலிருந்த டீக்கடையோடு சேர்ந்துவிட்டதாம். இப்போது அந்த வீட்டுப் படுக்கையறையில் யாராவது உட்கார்ந்தால், கடைக்காரர் அவர்களுக்கும் சேர்த்து டீ போட வேண்டியிருக்கிறது.

ஓரம் நடந்தது. காலையில் எழுந்து பார்க்கும்போது முந்தின நாளைவிடச் சற்றுத் தள்ளி இருக்கும். வெளிறிய சிவப்பில், வெங்காயச் சருகு கனத்தில், ஒரே வரிசை செல்கள் தங்கள் பிடியை விட்டுவிட்டுப் புதுச் சுவரின் அடியில் ஏறத் தொடங்கியிருந்தன. ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டுதான் ஏறின. நடுவில் ஊசி நுழைய இடமில்லை. முன்னால் போகிறது மட்டும் சற்றுத் தட்டையாகக் கையை நீட்டித் துழாவும். பின்னால் வருகிறவை அதை விடாமல் தொடரும். நான் டியூட்டிக்குப் போய்விட்டு வந்து காப்பி குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சுவரின் அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்கும். சில நேரம் சத்தம் நிற்கும். அவளும் பார்க்கிறாள் என்று தெரியும்.

முதலில் எனக்குத்தான் கஷ்டம் வந்தது. மாடிப்படி அக்கா பக்கம் போய்விட்டதால் என் பக்கத்துத் தூசி போக வழியில்லை. அலமாரி, மேஜை, தலையணை எல்லாவற்றிலும் படிந்தது. பெருக்கினால் எழும்பி மறுபடி படிந்தது. ஒரு மாதத்தில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கவுண்டரில் ஒருவர் சேலம் வண்டி எந்த பிளாட்பாரம் என்று கேட்க, நான் இருமி முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு உட்கார்ந்தார்.

பிலோமினா சிஸ்டர் வாரம் ஒருமுறை வந்தார். முதலில் அக்கா பக்கம் பார்த்துவிட்டு என் பக்கம் வருவார். அந்தப் பக்கத்தைப் பற்றி நான் கேட்கமாட்டேன். அவராகத்தான் சொல்வார்.

“உங்க அக்கா வீடு நல்லா சுத்தமா இருக்கு. ஒரு பொட்டுத் தூசி இல்ல.”

“இருக்கட்டும்.”

“ஆனா பட்டினி கிடக்கு.”

நான் மேஜைத் தூசியைத் துடைத்தேன்.

“சாப்புடற தோல் எல்லாம் உங்க கிச்சன்லதான இருக்கு. அவங்க முன்னறையில ஸ்டவ் வச்சுச் சமைக்கிறாங்க. கஞ்சி கொட்டினா அப்படியே தரையில நிக்குது. அந்தத் தோலுக்கு உறிஞ்சத் தெரியாது. சுவரெல்லாம் மெலிஞ்சு போய், பின்னாடி இருக்கற செங்கல் தெரியுது. ஈரப் புடவையைப் போட்டு மூடி வச்சிருக்காங்க. மிஷினையும் மெதுவாத்தான் மிதிக்கிறாங்க. அதிர்வு தாங்காதாம்.”

அவர் போன பிறகு நான் சோறு வடித்தேன். கஞ்சியை ஆறவிட்டு, உப்புப் போட்டு, சுவரின் அடியில் கொண்டுபோய் வைத்தேன். தோலுக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் இல்லை என்பதால் அதற்கு வேண்டியதெல்லாம் அடியிலிருந்து படலத்தின் வழியாகக் கசிந்துதான் வரவேண்டும். அடியில் இருக்கிற மண்ணை மேஸ்திரி பிரிக்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் தரை திறந்தே கிடந்தது. அந்தப் பிளவில் கஞ்சியை மெல்ல ஊற்றினேன். மண் குடித்துக்கொண்டது. மறுநாள் பருப்புத் தண்ணீர். அதற்கு மறுநாள் மீன் குழம்பின் தெளிவு. அக்காவுக்கு மீன் பிடிக்கும் என்பதற்காக இல்லை. அன்று வீட்டில் மீன்தான் இருந்தது.

அடுத்த வாரம் சிஸ்டர் வந்தபோது, “அந்தப் பக்கம் கொஞ்சம் நிறம் திரும்பியிருக்கு” என்றார். என் பக்கத்துப் பிளவில் ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் என் பக்கத்துத் தூசி நகர ஆரம்பித்தது. மேஜையிலிருந்து இறங்கி, தரையில் மெல்லிய கோடாகச் சேர்ந்து, சுவரை நோக்கிப் போனது. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சுவர் மூலையில் ஒரு செங்கல் இல்லை. அக்கா அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, மாடிப்படித் தோலின் ஓரத்தை ஈரத் துணியால் வழிகாட்டி அந்த ஓட்டை வரைக்கும் கூட்டி வந்திருக்கிறாள். ஓட்டைக்குள் அந்த முடிகள் அலை அலையாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. தூசி அதில் ஏறி அந்தப் பக்கம் போனது. சாயங்காலம் கவுண்டரில் என் குரல் தெளிவாக இருந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில், யாரும் கேட்காமலேயே எல்லா வண்டிகளின் பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் கஞ்சி ஊற்றினேன். அவள் தூசி எடுத்துக்கொண்டாள்.

பங்குனி ஆரம்பத்தில் நித்திலா போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவது அதுதான் முதல் தடவை. கவுண்டரில் வரிசை நின்றது. நான் கையைக் காட்டி அவர்களை நிற்கச் சொன்னேன். வரிசை திரும்பிக்கொண்டு நின்றது.

“அம்மா” என்றாள். “அம்மா, எனக்கு ஏழாம் மாசம்.”

“சாப்புடறியா?”

“சாப்புடறேன்.”

“கால் வீங்குதா?”

“லேசா. அம்மா, பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வரட்டுமா?”

“இதென்ன கேள்வி?”

“எந்தக் கதவு வழியா வரணும்மா?”

“முதல்ல டிக்கெட் போடு. கீழ் பர்த் கேளு” என்றேன். வரிசையில் முதலில் நின்ற அம்மாள் திரும்பாமலேயே மூக்கை உறிஞ்சினார்.

மறுநாள் பிலோமினா சிஸ்டரிடம் சொன்னேன். அவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். அப்புறம் கூடத்தைப் பார்த்து முகம் மாறினார்.

“பாதிக் கூடம் விரியாது மேடம். இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் யாராவது பிடிச்சுக்கணும். பிடிக்க ஆளில்லாம இழுத்தா கிழிஞ்சுடும். பொண்ணு, மாப்பிள்ளை, பாக்க வர்றவங்க எல்லாம் சேந்தா இது தாங்காது.”

“ரெண்டு ஓரமும் நடந்துட்டுத்தானே இருக்கு?”

“நடக்குது. ஆனா களைச்சுப்போச்சு. பாருங்க.” டார்ச் அடித்துக் காட்டினார். என் பக்கத்து ஓரம் சுவரில் முக்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. முன்னால் போகிற செல்கள் காகிதம் போல மெலிந்து, கை நீட்டுவதை நிறுத்தியிருந்தன. “தூரம் ஜாஸ்தி. நடுவுல நனைஞ்ச இடமே இல்ல, காஞ்ச செங்கல். சித்திரை வெயில் வந்தா நின்ன இடத்துலயே தழும்பாயிடும். தழும்பு மூடும், கெட்டியாவும் இருக்கும். ஆனா விரியாது. அப்புறம் இந்த வீட்டுக்கு விருந்தாளி கிடையாது.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் டார்ச்சை அணைக்காமல் மேலே மேலே அடித்துக்கொண்டு போனார். சுவர் கூரையைத் தொடுகிற இடத்தில் வெளிச்சம் நின்றது.

“அது என்ன கொக்கி?”

சுவரின் மேல் வரிசைச் செங்கல்லுக்கு நடுவில், பாதி சிமெண்ட் பூசி, ஓர் இரும்புக் கொக்கி துருத்திக்கொண்டிருந்தது. கூடத்தின் நடு என்பதால் கோடு சரியாக அதன்மேல் போயிருக்கிறது. முனிரத்தினம் அதை வைத்தே கட்டிவிட்டார்.

“நித்திலாவுக்குத் தொட்டில் கட்டினது” என்றேன்.

சிஸ்டர் அவசரமாக மேஜைமேல் ஏறினார். அவர் உயரத்துக்கு எட்டவில்லை. நான் ஸ்டூலை மேஜைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கீழே குனிந்து, “ஏறி வாங்க” என்றார்.

கொக்கியின் அடியில், சிமெண்டைப் பிளந்துகொண்டு, மிளகு அளவில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ஈரமாக மின்னியது.

“தோல் சும்மா மேல மட்டும் இருக்காது மேடம். முடி முளைக்கிற இடத்துலயும் வேர்வை வர்ற இடத்துலயும் உள்ளுக்குள்ள குழாய் மாதிரி இறங்கிப் போகும். மேல எல்லாத்தையும் சீவி எடுத்தாலும் அந்தக் குழிக்குள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கும். இந்தக் கொக்கி கூடவும் தோல் அப்படி ஆழமா இறங்கியிருக்கு. அங்கேருந்து திரும்ப வருது.” அவர் அந்தப் புள்ளியை விரலால் காட்டினார். “பெரிய புண்ணு ஆறும்போது இப்படித்தான் வரும். ஓரத்துலேருந்து மட்டும் இல்ல, நடுவுலேருந்தும். தீவு மாதிரி. இது வந்துட்டா ரெண்டு பக்கமும் பாதி தூரம் நடந்தாப் போதும்.”

“என்ன செய்யணும்?”

“மேல் வரிசைச் செங்கல்ல எடுக்கணும். காயாம நனைச்சுட்டே இருக்கணும். ஒரு பக்கத்துலேருந்து எடுத்தா தீவு அந்தப் பக்கமே சாஞ்சுடும். ரெண்டு பக்கத்துலயும் ஒரே நேரத்துல எடுக்கணும்.”

அவர் கீழே இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்துக் கதவுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று கேட்கவில்லை. மிஷின் சத்தம் நின்றது. மேஜை இழுக்கிற சத்தம் கேட்டது.

நான் அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். மேல் வரிசையைத் தட்டினேன். அந்தப் பக்கமும் தட்டுகிற சத்தம் வந்தது. நான் தட்டி முடித்த பிறகு அவள் தட்டினாள். அப்புறம் இருவரும் சேர்ந்தே தட்டினோம். ஒரு செங்கல் அசைந்தது. நான் இழுக்க, அவள் தள்ள, அது என் கைக்கு வந்தது. அந்த இடைவெளியில் அக்காவின் முகம் தெரிந்தது.

மெலிந்திருந்தாள். நெற்றியில் சிமெண்ட் தூள். வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேலையாக இருக்கும்போது அவள் எப்போதும் அப்படித்தான். எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டாள்.

“அவ வர்றா” என்றேன்.

“தெரியும்.”

“உனக்கு எப்பவும் முன்னாடியே தெரிஞ்சுடும்.”

“இல்ல எழிலு. எனக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போன் பண்ணா. அம்மாகிட்ட மத்தியானமே சொல்லிட்டேன் பெரியம்மான்னா.”

நான் செங்கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கீழே வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

“நெசமாவா?”

“நெசமாத்தான். எனக்குக் கொஞ்சம் வருத்தமாக்கூட இருந்துச்சு” என்றாள் அக்கா. அப்புறம், “உன் கஞ்சியில உப்பு ஜாஸ்தி” என்றாள்.

“வீட்டுக்குத்தானே ஊத்தினேன்.”

“நானும் அதுக்குள்ளதானே இருக்கேன்.”

அடுத்த செங்கல்லையும் எடுத்தோம். கொக்கியைச் சுற்றி அக்கா மஸ்லின் துணியை நனைத்துக் கட்டினாள். அவளுக்கு எட்டாத முடிச்சை நான் போட்டேன்.

அதன் பிறகு தினமும் ஒரு வரிசை எடுத்தோம். அவசரப்படக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். தீவு இறங்க இறங்கத்தான் சுவர் இறங்க வேண்டும். முதல் நாள் முகம் மட்டும் தெரிந்தது. பிறகு தோள். பிறகு, டியூட்டிக்குப் போகுமுன் அவளிடம் டம்ளரை நீட்டுகிற அளவுக்கு இடம் வந்தது. சுவர் இடுப்பளவுக்கு வந்தபோது அக்கா தன் பக்கத்திலிருந்தே எனக்கு அளவெடுத்து ஒரு ரவிக்கை தைத்துவிட்டாள். நான் சாந்துச் சட்டியோடு வெளியே போவதைப் பார்த்த முனிரத்தினம், “கட்டறதுக்குத்தான் ஆள் வேணும், பிரிக்கறதுக்கு வீட்டுக்காரங்களே போதும்” என்று சொல்லிவிட்டு, மிச்சச் செங்கல்லைத் தன் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

மிளகு அளவில் இருந்தது முதலில் தட்டு அளவானது. பிறகு கூரையில் ஒரு பாய் விரித்த மாதிரி ஆனது. எங்கள் ஓரங்களுக்கு அதன் ஈரம் எட்டியிருக்க வேண்டும். மெலிந்துபோய் நின்றிருந்தவை மறுபடி கை நீட்டின. சுவர் கரைந்துகொண்டே வந்ததால் அவற்றுக்கு ஏறுகிற வேலை இல்லாமல் போனது, நேராக நடந்தன. என் பக்கத்துச் செல்கள் சற்று மஞ்சளாக, நன்றாகச் சாப்பிட்டவையாக இருந்தன. அக்கா பக்கத்தவை வெளிறி, சுத்தமாக இருந்தன.

ஒரு மத்தியானம் அவை தொட்டுக்கொண்டன. நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். சத்தம் ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் முன்னால் வந்த செல் கையை நீட்டியது, எதிரில் வந்தது கையை நீட்டியது. தொட்டதும் இரண்டும் நின்றுவிட்டன. அதன் பின்னால் வந்தவை நின்றன. அதற்குப் பின்னால் வந்தவையும். கூடம் முழுக்க, சுவர் முழுக்க, கூரை முழுக்க, எல்லாம் நின்றன. பிறகு ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு, தங்களுக்கு அடியில் புதுப் படலம் நெய்ய ஆரம்பித்தன. எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்று அவற்றுக்குக் குழப்பம் இருக்கவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. இத்தனை நாளாக அது ஒழுகிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“முடிஞ்சுதா?” என்றாள் அக்கா.

“முடிஞ்ச மாதிரிதான் இருக்கு.”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புதுத் தோலைப் புறங்கையால் தொட்டாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

நித்திலா சித்திரை நடுவில் வந்தாள். நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன். இர்ஃபான் முதலில் இறங்கி, பெட்டிகளை வைத்துவிட்டு, அவளைப் பிடித்து இறக்கினான். ஒல்லியான பையன், என்னைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கினான், கீழே வைத்தான், மறுபடி தூக்கினான். “வாங்க” என்றேன். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. நித்திலா என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் வயிறு எங்கள் இருவருக்கும் நடுவில் இறுகி விரிந்திருந்தது. உள்ளேயிருந்து ஒன்று என்னை உதைத்தது.

வீட்டு வாசலில் அக்கா இரண்டு கதவையும் திறந்துவைத்திருந்தாள். நித்திலா ஒன்றில் நுழைந்தாள். இர்ஃபான் பெட்டிகளோடு மற்றதில் நுழைந்தான். உள்ளே ஒரே கூடத்தில் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் இர்ஃபானின் அம்மா, அப்பா, இரண்டு தங்கைகள், மாமா குடும்பம் எல்லாரும் ஆம்பூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். நானும் அக்காவும் வாசலில் நின்று கூடத்தையே பார்த்தோம். பிலோமினா சிஸ்டரும் பையோடு வந்து ஓரமாக நின்றார். முதலில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். கூடம் அப்படியே இருந்தது. மாமா குடும்பம் நுழைந்தபோது புதுத் தோல் இருந்த கோடு வெளுத்தது. அக்கா என் கையை இறுக்கினாள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, செல்கள் மெல்லத் தட்டையாயின. சுவர்கள் மூச்சு இழுப்பதுபோல விலகின. கூரை உயர்ந்தது. சின்னத் தங்கை இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். பாயை இன்னொரு சுருள் விரிக்க இடம் வந்தது.

“போதும், நீங்க சோறு போடுங்க” என்றார் சிஸ்டர். அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

குழந்தை வைகாசியில் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். நல்ல எடை, தலை நிறைய முடி. முதுகில், இடது தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு ஜன்னல் இருந்தது. தீப்பெட்டி அளவு. இரண்டு கதவுகள், சின்னத் தாழ்ப்பாள், எல்லாம் கச்சிதமாக இருந்தன. வீட்டுக்குத் தோல் இருக்கும்போது பிள்ளைக்கு ஒரு ஜன்னல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் அக்கா. டாக்டர் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கீல் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகவும், தினமும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் போதும் என்றும் சொன்னார். நித்திலா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் பால் கொடுக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். இர்ஃபான் மட்டும் கொசு வந்துவிடுமே என்று கவலைப்பட்டான். அக்கா ஒரு துண்டு வலையை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் குழந்தையின் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். உள்ளேயிருந்து நல்ல கடல் காற்று வருகிறது. குழந்தையின் துணிகளை அந்தக் காற்றுக்கு எதிரே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. உப்புப் பூத்துவிடுவதால் இன்னொரு தடவை அலச வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.